குறைந்த புள்ளிக்கே தங்கம்: குதிரையையும் வீரரையும் அளப்பது எப்படி?

பள்ளித் தேர்வில் மதிப்பெண் கூடினால் மகிழ்ச்சி. ஈவென்டிங் எனும் குதிரையேற்றப் போட்டியிலோ, குறைந்த புள்ளி பெறுபவரே வெற்றியாளர். அங்கே கூட்டப்படுவது தவறுகளுக்கான தண்டப் புள்ளிகள்.

ஒரே வீரர், ஒரே குதிரை, மூன்று சோதனைகள்.

முதலாவது டிரெசாஜ். குதிரையின் நடை, திருப்பம், நிற்கும் விதம் ஆகியவற்றுக்கு நடுவர்கள் 0 முதல் 10 வரை மதிப்பெண் தருவார்கள். அவற்றின் சராசரி விழுக்காட்டை 100இலிருந்து கழித்தால் கிடைப்பதே தண்டப் புள்ளி.

இரண்டாவது கிராஸ்-கன்ட்ரி. திறந்த வெளியில் ஓடி, மரத்தடி, நீர்நிலை போன்ற தடைகளைத் தாண்ட வேண்டும். குதிரை ஒருமுறை தாண்ட மறுத்தால் 20 புள்ளி. குறித்த நேரத்தைக் கடக்கும் ஒவ்வொரு வினாடிக்கும் 0.4 புள்ளி. முன்னதாகவே வந்து சேர்ந்தால் பரிசு எதுவும் இல்லை.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இதன் தூரம் 5,149 மீட்டர். நேரம் 9 நிமிடம் 2 வினாடி, அதாவது 542 வினாடி. வகுத்துப் பாருங்கள்: வினாடிக்கு 9.5 மீட்டர்!

மூன்றாவது தடை தாண்டல். ஒரு கம்பு விழுந்தால் 4 புள்ளி.

பாரிஸில் ஜெர்மனியின் மைக்கேல் யுங், சிப்மங்க் என்ற குதிரையுடன் டிரெசாஜில் 82.2 விழுக்காடு பெற்றார். எனவே 17.8 புள்ளி. பிறகு ஒரு கம்பு விழுந்தது, மொத்தம் 21.8. ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டோபர் பர்ட்டன் 22.4. கிராஸ்-கன்ட்ரியில் யுங் இரண்டு வினாடி தாமதித்திருந்தால் 0.8 கூடி, 22.6 ஆகியிருக்கும். தங்கம் கைமாறியிருக்கும்!

சில கிராஸ்-கன்ட்ரி தடைகளில், பலமாக மோதினால் தானே சரியும் அமைப்பு உண்டு. குதிரை தடையில் சிக்கிக் குட்டிக்கரணமடித்து வீரர்மீது விழாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. அது சரிந்தால் 11 புள்ளி. டோக்கியோ ஒலிம்பிக்கில் இதே யுங், இதே குதிரையுடன் அந்த 11 புள்ளியால் பதக்கத்தை நழுவவிட்டார்.

ஆனால் குதிரைக்கு வலிக்கிறதா என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. ஆகவே போட்டி தொடங்கும் முன்பும், கிராஸ்-கன்ட்ரிக்கு மறுநாள் தடை தாண்டலுக்கு முன்பும் கால்நடை மருத்துவரும் நடுவர்களும் குதிரையை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். அது நொண்டினால், பட்டியலில் முதலிடத்தில் இருந்தாலும் வெளியேற வேண்டியதுதான்.

வெற்றியாளரைக் காட்டுவது எண். அந்த எண்ணுக்காக ஓர் உயிர் வதைபடக் கூடாது என்பதைக் காப்பது பரிசோதனை. நியாயமான மதிப்பீட்டுக்கு இரண்டும் வேண்டும்.