தூசிக்குள் ஓடும் பேரிங்

சுழலும் உலகம் – 9

ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட் நகரில் 1883-இல் ஃப்ரெட்ரிக் ஃபிஷர் எஃகுக் குண்டுகளை ஒரே அளவில் தேய்த்தெடுக்கும் இயந்திரத்தை உருவாக்கிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தக் குண்டுகளைக் காக்கும் மூடியைப் பற்றி இந்த வாரம். அதற்கு அரியலூருக்குப் போக வேண்டும்.

அரசின் டான்செம் சிமெண்ட் ஆலை அங்கே 1979-இல் வந்தது. ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர் என்று தனியார் ஆலைகளும் சுற்றிலும் எழுந்தன. ஆலைக்குள் சுண்ணாம்புக்கல்லைச் சுமந்து செல்வது கன்வேயர் பெல்ட். பெல்ட்டைத் தாங்குவது வரிசை வரிசையாக நிற்கும் ரோலர்கள். ஒவ்வொரு ரோலரின் இரு முனையிலும் பேரிங் உண்டு. அதைச் சுற்றி இரவும் பகலும் தூசி.

இங்கே பெரும்பாலும் ஓடுவது ஆழ்பள்ள பால் பேரிங். உள்வளையத்திலும் வெளிவளையத்திலும் ஆழமாக வெட்டிய பள்ளத்தில் குண்டுகள் உருளும். குண்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே இருக்கும் கிரீஸ் படலம் ஒரு மைக்ரானைவிட மெல்லியதாகவும் இருக்கும். சிமெண்ட் துகளோ பல மைக்ரான் பருமன். உள்ளே போன துகள் குண்டுக்கு அடியில் நசுங்கிப் பள்ளத்தில் வடு போடும். வடுவின் விளிம்பிலிருந்து எஃகு பொரியத் தொடங்கும். அப்புறம்தான் பேரிங் சத்தம் போடும். ஒருநாள் ரோலர் இறுகி நிற்கும். அதன்மேல் ஓடும் பெல்ட் உராய்ந்து சூடேறினால் தீப்பிடிக்கவும் கூடும்.

தூசியைத் தடுக்கும் மூடி இரண்டு வகை: ஷீல்டு, சீல். ஷீல்டு என்பது வெளிவளையத்தில் பொருத்திய மெல்லிய எஃகுத் தகடு. உள்வளையத்தை அது தொடாது. நடுவில் நூலிழை இடைவெளி இருக்கும். அதனால் உராய்வு கூடுவதில்லை, வேகமாகச் சுற்றலாம். கிரீஸ் தங்கும், இரும்புச் சீவல் போன்ற பெரிய துகள் நுழையாது. ஆனால் சிமெண்ட் தூசிக்கு அந்த இடைவெளியே போதும். ரப்பர் சீல் உள்வளையத்தைத் தொட்டு நிற்கும். வேகம் சற்றுக் குறையும், தூசி பெரும்பாலும் வெளியிலேயே நிற்கும்.

இதையெல்லாம் பேரிங்கின் மேலேயே எழுதியிருக்கிறார்கள். 6205 இசட்இசட் என்றால், கடைசி இரண்டு இலக்கமான 05-ஐ 5-ஆல் பெருக்குங்கள்: 25 மில்லிமீட்டர் சாஃப்ட்டுக்கு உரியது. இசட்இசட் என்பது இருபுறமும் ஷீல்டு. 2ஆர்எஸ் என்றால் இருபுறமும் ரப்பர் சீல்.

சுத்தமான அறைக்குள் ஓடும் மோட்டாருக்கு ஷீல்டு நல்ல தேர்வு. தூசியில் ஓடும் ரோலருக்கும், பெரம்பலூர்க் காட்டில் மக்காச்சோளம் அடிக்கும் இயந்திரத்துக்கும் சீல்தான் சரி. ஷீல்டு போட்ட பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவாதீர்கள். கிரீஸ் கரைந்துபோகும், உள்ளே போன அழுக்கு வெளியே வராது. சாஃப்ட்டில் ஏற்றும்போது வெளிவளையத்தில் சுத்தியலால் அடிக்காதீர்கள். அடி குண்டுகள் வழியாகப் பள்ளத்தில் இறங்கும். உள்வளையத்தில் பைப்பை வைத்து நேராகத் தட்டி ஏற்றுங்கள்.

அடுத்த முறை பேரிங் வாங்கப் போகும்போது எண்ணை மட்டும் சொல்லாமல், அது ஓடப்போகும் இடத்தையும் கடைக்காரரிடம் சொல்லுங்கள்.

(தொடரும்)