இங்கே வீடு, அங்கே காணி: தில்லையடிக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

“புத்தளத்தில் வீடு கட்டிவிட்டோம். இனி ஊரில் உள்ள காணி எங்களுக்கு இல்லையா?” தில்லையடியில் வாழும் வடபுலத்து முஸ்லிம் குடும்பங்களில் இந்தக் கேள்வி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்படுகிறது. பதில் நேரானது. இங்கே வீடு கட்டியதால் அங்கே உள்ள உறுதிக்காணி போய்விடாது. அங்கே காணி இருப்பதால் இங்கே குடியிருக்கும் உரிமையும் குறையாது. ஆனால் இரண்டு இடத்திலும் உரிமையைக் காக்க ஆவணம் வேண்டும். ஆவணம் இல்லாமலும், உரிய நாளுக்குள் முறையிடாமலும் இழந்த காணிகள் ஏராளம். இழப்பைத் தடுக்கச் சட்டத்தில் இருக்கும் வழிகளைச் சொல்வதே இந்தக் கட்டுரை.

தில்லையடிக்குப் பக்கத்தில் பாலாவியில் விமானப் படை முகாம் ஒன்று இருக்கிறது. படையில் உள்ள ஒருவரை ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு மாற்றினால், அவர் கையில் இடமாற்றக் கடிதம் இருக்கும். எங்கே, எப்போது போக வேண்டும் என்பது அதில் எழுதியிருக்கும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அப்படி எந்தத் தாளும் இல்லை. ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவிலிருந்து வந்தவர்கள் வள்ளங்களில் கற்பிட்டியில் கரையேறினார்கள். வடக்கு முழுவதிலுமாக ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தங்கினார்கள். உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் வீட்டு அலுமாரியிலேயே கிடந்தன. இன்றைய காணிச் சிக்கல்களில் பலவற்றுக்கு வேர் அங்கேதான்.

திரும்பிப் போவதா, இங்கேயே இருப்பதா?

இதைத் தீர்மானிக்க வேண்டியவர் இடம்பெயர்ந்தவரே. உள்நாட்டு இடப்பெயர்வு பற்றி ஐக்கிய நாடுகள் 1998இல் முன்வைத்த வழிகாட்டிக் கோட்பாடுகள் மூன்று தெரிவுகளைச் சொல்கின்றன: சொந்த ஊருக்குத் திரும்புவது, வந்த இடத்திலேயே நிலைப்பது, வேறோர் இடத்தில் குடியேறுவது. எதைத் தெரிவு செய்தாலும் விட்டுவந்த சொத்தை மீட்கவோ, முடியாவிட்டால் இழப்பீடு பெறவோ உதவுவது அதிகாரிகளின் கடமை என்றும் அவை சொல்கின்றன. போரினால் இடம்பெயர்ந்தோருக்கு நிலையான தீர்வு காண்பதற்கென்று இலங்கை அமைச்சரவை 2016 ஓகஸ்டில் ஒரு தேசியக் கொள்கையையும் ஏற்றுக்கொண்டது. இலங்கை அரசியலமைப்பின் 14(1)(ஏ) எனப்படும் ஏற்பாடும், நாட்டுக்குள் நடமாடவும் வதிவிடத்தைத் தெரிவு செய்யவும் ஒவ்வொரு பிரசைக்கும் சுதந்திரம் தருகிறது.

ஆகவே “நீங்கள் மன்னார் ஆட்கள், அங்கே போய்க் கேளுங்கள்” என்று இங்கேயும், “நீங்கள் புத்தளத்து ஆட்கள்” என்று அங்கேயும் ஓர் அலுவலகம் உங்களைத் திருப்பி அனுப்பினால், அந்தப் பதிலை எழுத்தில் கேளுங்கள். மறுப்பு எழுத்தில் இருந்தால் மேலே முறையிடுவது எளிது. வாக்காளர் பதிவும் இங்கே முக்கியம். இடம்பெயர்ந்தோர் தம் பழைய ஊரில் பதிய 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சிறப்பு ஏற்பாடு செய்தது. எனினும் ஒருவர் ஓரிடத்தில் மட்டுமே பதியலாம். வாக்குப் பதிவு வேறு, காணி உரித்து வேறு. வாக்கைப் புத்தளத்துக்கு மாற்றினாலும் மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள உறுதிக்காணியின் உரித்து மாறாது.

தில்லையடி வளவுக்கு உரித்து இருக்கிறதா?

வந்த நாட்களில் தென்னந்தோட்டங்களிலும் வெற்றுக் காணிகளிலும் கிடுகுக் கொட்டில் போட்டுத் தங்கிய குடும்பங்கள், பின்னர் அதே இடத்தில் சிறு துண்டுகளை வாங்கின. அவற்றில் பல, சாதாரணத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு வாங்கியவை. இங்கேதான் முதல் ஆபத்து. மோசடிகளைத் தடுக்கும் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி கைமாறுவதற்கு நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகளோடு எழுதிய உறுதி வேண்டும். பணம் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு இருக்கலாம், பள்ளிவாசல் நிருவாகத்தினர் சாட்சி சொல்லலாம். அவை மட்டும் உங்களைக் காணியின் உரிமையாளர் ஆக்கமாட்டா. விற்றவர் உயிரோடு இருக்கும்போதே அவரை அழைத்து உறுதி முடித்துக்கொள்ளுங்கள். அவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகள் அத்தனை பேரின் ஒப்பமும் தேவைப்படும்.

உறுதி எழுதினால் போதாது. அதைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். ஒரே காணியை இருவருக்கு விற்றிருந்தால், பதிவில் முந்தியவருக்கே பெரும்பாலும் சட்டம் முன்னுரிமை தரும். வாங்குமுன் பதிவேட்டைத் தேடிப் பார்த்து, ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா, வழக்கு இருக்கிறதா என்று அறிந்துகொள்ளுங்கள். சர்வேயர் வரைந்த பிளானில் பாதை காட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அரச காணியில் குடியிருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீட்டல்) சட்டப்படி, அதிகாரி முதலில் வெளியேறுமாறு அறிவித்தல் கொடுப்பார். போகாவிட்டால் நீதவான் நீதிமன்றத்துக்குப் போவார். அங்கே நீங்கள் காட்டக்கூடிய எதிர்வாதம் ஒன்றே ஒன்று: அரசு தந்த செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது எழுத்து அதிகாரம். எத்தனை ஆண்டு குடியிருந்தீர்கள், எத்தனை இலட்சம் செலவழித்தீர்கள் என்பது அந்த வழக்கில் எடுபடாது. எனவே அறிவித்தல் வரும்வரை காத்திராமல், பிரதேச செயலகத்தில் அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பித்து, விண்ணப்பம் ஏற்கப்பட்டதற்கான கடிதத்தை வாங்கி வையுங்கள்.

புத்தளம் வீடமைப்புத் திட்டத்துக்கு 2007இல் உலக வங்கி 32 மில்லியன் டொலர் கடன் தந்தது. காணிக்கு உரித்து உள்ளவருக்கே வீட்டுப் பணம் என்பது அதன் அடிப்படை நிபந்தனைகளில் ஒன்று. உதவித் திட்டம் எதுவாக இருந்தாலும் முதலில் கேட்கப்படுவது காணிக் கடதாசிதான்.

விட்டுவந்த காணியில் வேறொருவர் இருந்தால்

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் தனியார் காணியை உரிமையாளருக்கு எதிராக, இடையூறின்றித் தொடர்ந்து பத்து ஆண்டுகள் வைத்திருந்தால் அதற்கு ஆட்சியுரிமை கோரலாம். வெளியேற்றப்பட்டவர்களுக்கு இது பேரிடியாக இருந்தது. போக முடியாத ஊரில் வழக்குப் போடுவது எப்படி? இந்த அநீதியைச் சரிசெய்ய 2016இல் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாடுகள் சட்டம் வந்தது. ஆயுதக் குழுவின் செயல்களால் காணி உரிமையைத் தொடர முடியாமல் போனவர்களுக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அந்தப் பத்து ஆண்டுக் கணக்கில் சேராது என்றது அந்தச் சட்டம். ஆனால் அது இரண்டே ஆண்டுகளுக்குத்தான் நடைமுறையில் இருந்தது. புத்தளத்து முகாம்களில் இருந்த பலருக்கு அப்படி ஒரு சட்டம் வந்ததே தெரியவில்லை. அதே பாதுகாப்பை மீண்டும் கொண்டுவரும்படி நாடாளுமன்றத்தைக் கேட்பது நியாயமான கோரிக்கை. தொடர்ந்து கேட்க வேண்டும்.

அந்தக் காலம் முடிந்ததால் எல்லாம் முடிந்துவிடவில்லை. ஆட்சியுரிமை கோருபவரே அதை நிரூபிக்க வேண்டும். உங்கள் அனுமதியோடு இருந்தவர், காவலுக்கு வைத்தவர், வாடகை கொடுத்தவர் ஆகியோரின் இருப்பு உங்களுக்கு எதிரான ஆட்சி ஆகாது. கூட்டு உரிமையாளர் ஒருவர் குடியிருந்தால், மற்றவர்களின் உரிமையை மறுத்து வெளியே தள்ளியதை அவர் காட்டியாக வேண்டும். ஆகவே காணியைப் பார்த்துக்கொள்பவரோடு இன்றே ஓர் எழுத்து ஒப்பந்தம் செய்யுங்கள். சிறு தொகையானாலும் வாடகை வாங்கிப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். ஆதன வரியை உங்கள் பெயரிலேயே கட்டுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது போய் வேலியைப் பாருங்கள்.

யாராவது திடீரென்று வேலியை உடைத்து உள்ளே வந்தால் இரண்டு மாதம் என்ற எல்லையை மறக்க வேண்டாம். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் வழக்குப் பதிவாகும் நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் நீங்கள் வெளியேற்றப்பட்டிருந்தால், நீதிமன்றம் உங்களிடமே கைவசத்தை மீட்டுத் தரலாம். அந்த நாளைத் தவறவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் நீண்ட வழக்கே மிஞ்சும். போலி அற்றோணித் தத்துவம், ஆள்மாறாட்ட உறுதி ஆகியவற்றைத் தடுக்க, காணிப் பதிவகத்தில் கேவியட் பதியலாம். அந்தக் காணி தொடர்பாக யாராவது உறுதி பதிய வந்தால் உங்களுக்கு அறிவித்தல் வரும்.

காணியில் படைமுகாமோ காடோ இருந்தால்

மன்னார் மாவட்டத்து முசலிப் பிரிவில் சிலாவத்துறைக் கடற்படை முகாம் நிற்கும் தம் காணியை விடுவிக்கும்படி மக்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்கிறார்கள். முள்ளிக்குளம் மக்களும் அப்படியே கேட்டார்கள். 2017 ஏப்ரலில் அங்கே 100 ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது. பலாலி விமானத் தளத்தைச் சுற்றி வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை எடுப்பதற்கு 2013இல் அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, காணிக்காரர்கள் திரண்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ரிட் மனுக்கள் தாக்கல் செய்தார்கள். 2015 முதல் அங்கே கட்டம் கட்டமாகக் காணி விடுவிக்கப்பட்டது.

அரசு தனியார் காணியை எடுப்பதற்கு 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தில் படிகள் உண்டு. 2ஆம் பிரிவு அறிவித்தல் காணியில் ஒட்டப்படும். 4ஆம் பிரிவு அறிவித்தலுக்கு, அதில் குறித்த நாளுக்குள் ஆட்சேபம் எழுத வேண்டும். 7ஆம் பிரிவு அறிவித்தல் வந்ததும் உரித்தையும் இழப்பீட்டையும் கோர வேண்டும். தீர்மானித்த தொகை போதாவிட்டால் மீளாய்வுச் சபைக்கு 21 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். தில்லையடியில் இருப்பவருக்கு மன்னாரில் ஒட்டிய அறிவித்தல் தெரியாமல் போவதே பெரிய ஆபத்து. உங்கள் இப்போதைய முகவரியைக் காணி இருக்கும் பிரதேச செயலகத்துக்குப் பதிவுத் தபாலில் அறிவித்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டின் சிக்கல் வேறு விதமானது. அதே முசலிப் பிரிவின் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழிக் குடும்பங்கள் ஊரில் இல்லாத ஆண்டுகளில் அவர்களின் வளவுகளில் மரம் வளர்ந்தது. 2012 ஒக்டோபர் 10 வர்த்தமானி அந்தப் பக்கத்து நிலங்களைக் காட்டு ஒதுக்கம் என்றது. மீள்குடியேற்றத்துக்காக ஒதுக்கக் காட்டுக்குள் காணி பகிர்ந்தது சட்டத்துக்கு முரண் என்று 2020 நவம்பர் 16 அன்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிகாரியோ அரசியல்வாதியோ வாயால் காட்டிய இடத்தில் காடு வெட்டினால், நாளை வழக்குக்கு முகங்கொடுப்பது குடும்பம்தான். வன இலாகாவிடமும் பிரதேச செயலகத்திடமும் எழுத்தில் அனுமதி பெறாமல் கத்தி வைக்காதீர்கள். பழைய உறுதியோ அனுமதிப்பத்திரமோ இருந்தால், எல்லையைத் திருத்தும்படி அதைக் காட்டிக் கேளுங்கள்.

ஆவணம் தொலைந்தவர்கள் தேட வேண்டிய இடங்கள்

1. உறுதியின் இரண்டாம் பிரதியை நொத்தாரிசு காணிப் பதிவகத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். காணியின் பெயர், ஊர், தந்தை அல்லது பாட்டனாரின் பெயர் ஆகியவற்றைக் கொண்டு தேடி, உறுதிப்படுத்திய பிரதி பெறலாம்.

2. அரச காணி என்றால், பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டில் அனுமதிப்பத்திரக்காரரின் பெயர் இருக்கும்.

3. போரில் ஏடுகள் சிதைந்த இடங்களில், பழைய வாக்காளர் இடாப்பு, ஆதன வரிப் பதிவு, பாடசாலை வரவுப் பதிவு, விவாகப் பதிவு ஆகியவை நீங்கள் அங்கே வாழ்ந்ததைக் காட்டும். எல்லைக் காணிக்காரரின் சத்தியக் கடதாசியும் உதவும். அயலில் இருந்த முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அதை வாங்குங்கள்.

4. அலுவலகம் பதில் தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடமும், பின் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு உண்டு.

பெண்களின் பங்கு

கணவர் பெயரில் இருந்த அனுமதிப்பத்திரக் காணியில் பின்னுரித்தாளர் பெயர் பதியாமல் அவர் இறந்திருந்தால், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பழைய வரிசை மகளை விட மகனுக்கே முதலிடம் தந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர்கள் தம் பின்னுரித்தாளரை இப்போதே பெயர் குறித்துப் பதியுங்கள். உறுதிக்காணியில் முஸ்லிம் பெண்களுக்குச் சட்டப்படி வரும் பங்கை, “நீ புத்தளத்தில் இருக்கிறாய்” என்று சொல்லி யாரும் மறுக்க முடியாது. எழுதப் படிக்க இயலாத தாய்மாரிடம் நன்கொடை உறுதியில் ஒப்பம் வாங்குவோர் உண்டு. வாசித்துக் காட்டாத தாளில் கைநாட்டு வைக்க வேண்டாம்.

எங்கே, எத்தனை நாளுக்குள்?

அரச அதிகாரியின் செயல் அடிப்படை உரிமையை மீறினால், உயர் நீதிமன்றத்துக்குப் போக அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை ஒரு மாத காலமே தருகிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. சொத்து இழப்புக்கு, 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இழப்பீடுகளுக்கான அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

வெளியேற்றப்பட்டபோது குழந்தைகளாக இருந்தவர்களுக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். தில்லையடியில் பிறந்த அந்தப் பிள்ளைகளுக்கு ஊரின் காணி எல்லைகள் தெரியாது. தெரிந்த மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எனவே இந்த மாதமே குடும்பத்தோடு அமர்ந்து, காணியின் பெயர், எல்லை, உரிமையாளர், பங்காளர் ஆகியவற்றை எழுதி, கிடைக்கும் ஆவணங்களின் பிரதிகளை இரண்டு இடங்களில் பாதுகாத்து வையுங்கள். கடிதம் இல்லாமல் வெளியேற்றப்பட்ட மக்களுக்கு உரித்தைத் தாளில் திருப்பித் தருவது அரசின் கடமை. அதைக் கேட்டுப் பெறும் வரை ஓயாமல் இருப்பது நம் பொறுப்பு.