கடல் கடந்து வரும் கத்தரி வித்தும் அரசாங்க அனுமதியும்

கத்தரித் தோட்டத்திலே நேற்றுவரை நிமிர்ந்து நின்ற நுனித்தளிர் இன்று வாடித் தலைசாய்ந்திருப்பதைக் காணாத கமக்காரர் எம்மிடையே இலர். அத்தளிரைக் கிள்ளிப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு நிறப் புழுவொன்று காணப்படும். காய் பிடித்ததும் இப்புழு காய்க்குள்ளே புகுந்துவிடும். புகுந்தபின் எம்மருந்தும் அதனை எளிதிற் சென்றடையாது. இதனாலேயே சிலர் அறுவடைக்கு முதல்நாள்வரை மருந்து தெளிக்கின்றனர். அக்காயை உண்போரை நினைத்தால் இஃது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. எனினும் அவர்களை அந்நிலைக்குத் தள்ளுவது நட்டமே என்பதையும் மறுத்தற்கில்லை.

இப்புழுவைத் தன்னுள்ளேயே தடுக்கவல்ல கத்தரியொன்று இந்தியாவில் ஆக்கப்பட்டு, வங்காளதேசத்தில் செய்கை பண்ணப்பட்டு வருகின்றது. அவ்வித்தை இங்கும் தருவித்தால் என்ன என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வியே. விடை கூறுமுன், அவ்வித்து எத்தகையது என்பதை விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

மண்ணிலே இயற்கையாக வாழும் பசிலசு துரிஞ்சியென்சிசு என்னும் பற்றீரியா ஒருவகைப் புரதத்தை உண்டாக்குகின்றது. அதனை உண்ணும் சில புழுக்கள் குடல் சிதைந்து மடியும். அப்புரதத்தை ஆக்கும் பரம்பரையலகைப் பிரித்தெடுத்துக் கத்தரியிற் புகுத்தியதால் உண்டானதே பீ.ரி. கத்தரி. பரம்பரையலகை மரபணு என்றும் வழங்குவர். எம் வயல்களில் விளையும் திருந்திய நெல்லினங்கள் இவ்வகையைச் சேர்ந்தனவல்ல. பத்தலகொடையில் முருங்கைக்காயன் 302, மாஸ் என்னும் இரு நெல்லினங்களைக் கலந்து 1958ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட எச்-4, நெல்லோடு நெல் சேர்ந்து பிறந்தது. கடையில் விற்கும் கலப்பின மரக்கறி வித்துக்களும் பொதுவாக அவ்வாறு பிறந்தவையே. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதித் திருந்திய இனங்களைக் கண்டு அஞ்சுவோர் வீணாக விளைவை இழப்பர்.

பீ.ரி. கத்தரியைச் செய்கை பண்ணலாமென இந்தியாவின் பரம்பரையலகு அங்கீகாரக் குழு 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதி கூறியது. ஆயினும் அப்போதைய சுற்றாடல் அமைச்சர் ஜெயராம் ரமேஷ் உடனே கையொப்பமிடவில்லை. கொல்கத்தா, நாகபுரி, பெங்களூரு முதலாய ஏழு நகரங்களிற் கூட்டங்கள் கூட்டி, கமக்காரரும் விஞ்ஞானிகளும் கூறியவற்றைக் கேட்டார். 2010 பெப்ரவரி 9ஆம் திகதி அவ்வித்தைக் காலவரையறையின்றி நிறுத்திவைத்தார். விஞ்ஞானிகளிடையே ஒருமித்த கருத்தின்மை, மாநில அரசாங்கங்களின் தயக்கம், கத்தரியின் பல்வகை இனங்களுக்கு இந்தியா தாயகமாயிருத்தல் என்பன அவர் காட்டிய காரணங்களுட் சில.

வங்காளதேசம் வேறு முடிவெடுத்தது. 2013ஆம் ஆண்டு ஒக்டோபரில் நான்கு பீ.ரி. கத்தரி இனங்களுக்கு நிபந்தனையுடன் அனுமதியளித்து, 2014 சனவரியில் 20 கமக்காரருக்கு நாற்றுக்களை வழங்கியது. மருந்துச் செலவு குறைந்ததாக அங்கு நடந்த ஆய்வுகள் கூறுகின்றன. இருப்பினும் வெண்ணீ, சிற்றுண்ணி, பற்றீரியா வாடல் ஆகியவற்றை இக்கத்தரி தடுக்கமாட்டாது.

அந்நிபந்தனைகளுள் ஒன்றை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். தோட்டத்தின் ஓரங்களிற் சாதாரணக் கத்தரியைச் சில வரிசைகள் நடுதல் வேண்டுமென்பதே அது. நஞ்சைத் தாங்கப் பழகிய ஒருசில புழுக்கள் தம்முள்ளே சேர்ந்து பெருகாவண்ணம், பழகாத புழுக்களும் அவ்வரிசைகளில் வாழ்ந்து அவற்றுடன் கலத்தல் வேண்டும். புழுவுக்கென்று பயிரை விட்டுக்கொடுப்பதா என்று எவர்க்கும் தோன்றும். குஜராத்திலே பீ.ரி. பருத்தியைத் தின்றும் மடியாத இளஞ்சிவப்புக் காய்ப்புழு 2010ஆம் ஆண்டில் அறியப்பட்டமை இதற்கு விடையாகும். இவ்விதியைச் சொல்லிக் கொடுக்கவும் கண்காணிக்கவும் ஆளில்லாத இடத்தில் வித்து மாத்திரம் வந்தால், அதன் பயன் சில ஆண்டுகளிலேயே அற்றுப்போகும்.

அதே குஜராத்தில் 2001ஆம் ஆண்டில் நிகழ்ந்தது மற்றொன்று. காய்ப்புழு மிகுந்த அவ்வாண்டிற் சில பருத்தி வயல்கள் மாத்திரம் செழித்து நின்றன. சோதித்தபோது, அனுமதி பெறாத பீ.ரி. பருத்தி பல ஆயிரம் ஏக்கரில் விதைக்கப்பட்டிருந்தமை வெளியாயிற்று. அழிக்கும்படி கட்டளை பிறந்தது. ஆனால் விளைந்த பருத்தியின் பெரும்பகுதி சந்தைக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சிலேதான் இந்தியா முதன்முதலாகப் பீ.ரி. பருத்திக்கு அனுமதியளித்தது. வித்து முந்திக்கொள்ளச் சட்டம் பின்னே ஓடிய கதை இது. பருத்தியை நாம் உண்பதில்லை. கத்தரி நாள்தோறும் கறிச்சட்டியில் வேகும் பொருளாகும்.

எம் நாட்டுச் சட்டங்களைச் சுருக்கமாகக் கூறுவோம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி, வெளிநாட்டிலிருந்து வித்தோ நடுகைப் பொருளோ கொணர்வதற்கு இத்திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். உயிரியற் பாதுகாப்புப் பற்றிய காட்டகேனா உடன்படிக்கையை இலங்கை 2004ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. பரம்பரையலகு மாற்றிய உணவுகளைத் தடைசெய்ய 2001ஆம் ஆண்டில் எடுத்த முயற்சி பிற்போடப்பட்டுக் கைவிடப்பட்டது. அதன்பின், 2007 சனவரி முதலாந் திகதியிலிருந்து நடைமுறைக்கு வந்த உணவு ஒழுங்குவிதிகள், இவ்வுணவுகளை இறக்குமதி செய்வதற்கும் விற்பதற்கும் முன் அங்கீகாரமும், பொதியிலே அடையாளமும் வேண்டுமென விதித்தன. பீ.ரி. கத்தரியைச் செய்கை பண்ண இங்கு அனுமதி வழங்கப்படவில்லை.

உறவினர் ஒருவர் பயணப்பையில் ஒரு கைப்பிடி வித்துக் கொண்டுவந்தால் யாருக்கு என்ன கேடு என்று எண்ணலாம். பீ.ரி. கத்தரியைக் கண்ணாற் பார்த்துப் பிரித்தறிதல் இயலாது. ஆய்வுகூடச் சோதனை வேண்டும். கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் எனினும், தேனீக்கள் அயற்செடியின் மகரந்தத்தையும் ஓரளவு கொணரும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பெயர் தாங்கிய ஊதாக் கத்தரியில் ஆண்டுதோறும் வித்தெடுத்து வைக்கும் அயலவர், தம் வித்திலே பிறிதொன்று கலந்ததை அறியவே மாட்டார். அவ்வித்தை அவர் தம் மகளின் தோட்டத்துக்கும் கொடுத்தனுப்புவார். கலந்ததைப் பின்னர் திரும்பப் பெறுவதற்கு வழியில்லை. அன்றியும், வரும் பொதியிலே எமக்குப் புதிதான நோய்க்கிருமியும் இருக்கக்கூடும். நடைமுறையில் இவ்வபாயமே அதிகம்.

ஆகையால் வெளிநாட்டு வித்துப் பொதி கைக்குக் கிடைத்தவர் அதனை விதைத்தலும் பிறர்க்குப் பகிர்தலும் கூடாது. குப்பையில் எறிந்தால் முளைத்துவிடலாம். உறையைக் கிழிக்காது அப்படியே உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படையுங்கள். ஏற்கெனவே விதைத்துவிட்டீர்களாயின், பூக்குமுன் அவருக்கு அறிவியுங்கள். துளைபுழுவுக்கு இப்போது செய்யக்கூடியவை உள. வாடிய தளிர்களை வாரந்தோறும் கிள்ளி எரித்தல், துளைபட்ட காய்களைத் தோட்டத்திற் போடாது ஆழப் புதைத்தல், அந்துப்பூச்சிக்குக் கவர்ச்சிப் பொறி வைத்தல், அடுத்த போகத்தில் அவ்விடத்திற் கத்தரி இனம் அல்லாத பயிரை நடுதல் என்பனவே அவை. அயலவர் அனைவரும் ஒருங்கே செய்தாலன்றி இவை பலனளியா.