மனநலப் படிப்புக்கு 7.5 லட்சம் கடன் வாங்கலாமா? குமரி மாணவர்கள் போட வேண்டிய கணக்கு

"சைக்காலஜி படிக்கப் போறேன்" என்று நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீட்டில் சொல்லிப் பாருங்கள். "அதுக்கு நர்சிங் படிக்கலாம்லா மக்ளே, கல்ஃபுக்காவது போலாம்" என்று யாராவது சொல்வார்கள். கேட்டால் எரிச்சல் வரும். ஆனால் அதற்குள் நியாயமான ஒரு கேள்வி இருக்கிறது: வாங்குற கடனை இந்தப் படிப்பு அடைக்குமா?

தேவை இருக்கு, சம்பளம்?

தேவையில் சந்தேகமே இல்லை. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்னை இருந்தது. நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. குமரிக்கு இது வெறும் எண் இல்லை. 2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் கடலுக்குப் போனவர்களின் உடல்கூடக் கிடைக்காத குடும்பங்கள் நம்ம கடற்கரை ஊர்களில் இருக்கின்றன.

ஆனால் தேவை இருக்கிற இடத்தில் எல்லாம் நல்ல சம்பளம் இருப்பதில்லை. கடன் வாங்குபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

பட்டம் வேறு, பதிவு வேறு

எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்தால் கவுன்சலராக வேலை பார்க்கலாம். ஆனால் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' ஆக முடியாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்சிஐ, அங்கீகரித்த படிப்பு வேண்டும். பல வருடங்களாக அது 2 வருட எம்.ஃபில்லாக இருந்தது. இப்போது எம்.ஃபில் கைவிடப்பட்டு, ஆர்சிஐ பாடத்திட்டப்படியான எம்.ஏ. கிளினிக்கல் சைக்காலஜி வருகிறது.

குழப்பம் இங்கேதான். ஆர்சிஐ அனுமதி இல்லாத கல்லூரியும் கிட்டத்தட்ட இதே பெயரில் ஒரு பட்டம் தரலாம். சான்றிதழ் ஒரே மாதிரி இருக்கும், பதிவு எண் மட்டும் கிடைக்காது. இந்த இரண்டுக்கும் ஒரே அளவு கடன் வாங்குவது சரியில்லை.

4 லட்சம் எப்படி 5 லட்சம் ஆகுது?

கல்விக் கடனில் படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 2 வருடப் படிப்பு, 10 சதவீத வட்டி, வருடத்துக்குப் பாதிப் பாதியாகப் பணம் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

* 4 லட்சம் கடன்: தவணை தொடங்கும்போது 5 லட்சம். 10 வருடத்துக்கு மாதம் சுமார் 6,600 ரூபாய்.
* 7.5 லட்சம் கடன்: தவணை தொடங்கும்போது 9.37 லட்சம். மாதம் சுமார் 12,400 ரூபாய். மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 14.87 லட்சம்.

15 வருடமாக நீட்டினால் இரண்டாவது தவணை 10,000 அளவுக்குக் குறையும். ஆனால் மொத்தம் 18 லட்சத்தைத் தாண்டும்.

முதல் வேலையில் கைக்கு 20,000 வருகிறது என்றால், முதல் கணக்கில் 13,400 மிஞ்சும். தக்கலையில் அம்மா அப்பாவோடு இருந்தால் சமாளிக்கலாம். இரண்டாவதில் மிஞ்சுவது 7,600. அதை வைத்துச் சென்னையில் ஹாஸ்டல் வாடகையும் சாப்பாடும் கஷ்டம். 7.5 லட்சம் வரை பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பதில்லை என்பதால், பலரும் அந்த எல்லை வரை போய்விடுகிறார்கள். ஆனால் அப்பாவோ அம்மாவோ இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். தவணை தவறினால் அவர்களுடைய சிபில் ஸ்கோரும் அடிவாங்கும்.

குமரியில் வேலை எங்கே?

அரசு தரப்பில் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 1996-ல் இந்தியாவில் 4 மாவட்டங்களில் தொடங்கியபோது, அதில் ஒன்று நம்ம திருச்சி. இதில் மனநல மருத்துவரோடு உளவியலாளர், சமூகப் பணியாளர் பணியிடங்களும் உண்டு. பெரும்பாலும் ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம். மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் ஆட்சேர்ப்பு அறிவிப்புகள் மாவட்ட இணையதளத்தில் வரும். கல்வித் தகுதியும் சம்பளமும் அதிலேயே இருக்கும். கல்லூரி விளம்பரத்தில் சொல்லும் சம்பளத்தை விட்டுவிட்டு, இதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

தனியார் மருத்துவமனைகள், பள்ளிகள், போதை மறுவாழ்வு மையங்களிலும் வாய்ப்பு உண்டு. இன்னொரு விஷயம், இந்தத் தொழிலுக்கு மொழிதான் கருவி. விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் பலருக்குத் தமிழும் மலையாளமும் சரளமாக வரும். திருவனந்தபுரம் நாகர்கோவிலில் இருந்து 70 கிலோமீட்டர்தான். நர்சிங் போல உடனே கல்ஃபுக்குக் கூட்டிப்போகாவிட்டாலும், எல்லைக்கு அந்தப் பக்கமும் வேலை தேடலாம்.

கடனைக் குறைக்க என்ன வழி?

இளநிலைப் படிப்பைக் கடன் இல்லாமல் முடிக்கப் பாருங்கள். அரசு உதவிபெறும் கல்லூரிகளில் கட்டணம் குறைவு. தகுதியுள்ள மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். கடனை மேற்படிப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்விக்கு மத்திய அரசின் வட்டி மானியம் உண்டு. உங்கள் படிப்பும் கல்லூரியும் அதில் வருமா என்று கையெழுத்துக்கு முன்பே வங்கியில் கேளுங்கள். முடிந்தால் படிக்கும்போதே வட்டியைக் கட்டிவிடுங்கள். 4 லட்சக் கடனுக்கு முதல் வருடம் மாதம் சுமார் 1,700, பிறகு 3,300. கட்டினால் 4 லட்சம் 4 லட்சமாகவே நிற்கும். பல வங்கிகள் வட்டியில் 1 சதவீதம் குறைக்கவும் செய்கின்றன.

சேரும் முன் 3 கேள்விகள்

1. இந்தக் கல்லூரியில், இந்தப் படிப்புக்கு, இந்த வருடத்துக்கு ஆர்சிஐ அனுமதி இருக்கிறதா? கல்லூரி சொன்னால் போதாது, ஆர்சிஐ இணையதளத்தில் நீங்களே பாருங்கள்.

2. தொலைதூரப் படிப்பா? 2025 ஜூலை-ஆகஸ்ட் முதல் உளவியலைத் தொலைதூரத்திலோ ஆன்லைனிலோ நடத்த யுஜிசி தடை விதித்துள்ளது. 'வீட்டிலிருந்தே எம்.எஸ்சி. சைக்காலஜி' என்று யாராவது அழைத்தால் பணம் கட்டாதீர்கள்.

3. நோயாளிகளோடு பயிற்சி எங்கே, யார் மேற்பார்வையில்? போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே, எவ்வளவு சம்பளத்தில் இருக்கிறார்கள்? அவர்களில் இரண்டு பேரிடமாவது போனில் பேசுங்கள்.

பதில்கள் கிடைத்ததும் ஒரு தாளில் எழுதுங்கள்: முதல் சம்பளம், மாதத் தவணை, மிச்சம். தவணை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் நின்றால், அந்தத் தாளையே வீட்டில் காட்டிப் பேசலாம். அதைத் தாண்டினால் படிப்பை விட வேண்டியதில்லை, கல்லூரியை மாற்றிப் பாருங்கள்.