லைன் போன நாளில் கைகொடுத்த 555 புத்தகம்

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. காலை பதினொரு மணி. கிள்ளானில் உள்ள எங்கள் மளிகைக் கடையில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. நெய், முறுக்கு மாவு, ஏலக்காய், அகல் விளக்கு என்று ஆளுக்கொரு கூடை. அந்த நேரம் பார்த்து இணையம் படுத்துவிட்டது.

அட்டை இயந்திரம் ‘இணைப்பு இல்லை’ என்றது. பணம் வந்ததும் குரல் கொடுக்கும் சின்ன ஒலிப்பெட்டி ஊமையாகிப் போனது. பில் இயந்திரம் பாதித் தாளை வெளியே தள்ளிவிட்டு நின்றது. நான் மேசைக்கு அடியில் குனிந்து மோடத்தை அணைப்பதும் போடுவதுமாக இருந்தேன்.

வரிசையின் முன்னால் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நின்றார். முப்பது ஆண்டுகளாக அப்பாவிடம் சாமான் வாங்குபவர். கணக்கு 86 ரிங்கிட் 40 சென். கியூஆர் குறியீட்டை வருடிப் பணம் செலுத்திவிட்டு, ‘வெற்றி’ என்று பச்சை நிறத்தில் வந்த திரையை என்னிடம் காட்டினார். என் கைப்பேசியிலோ எந்தத் தகவலும் இல்லை.

“டீச்சர், கொஞ்சம் ஓரமா நில்லுங்க. காசு இன்னும் வரல” என்றேன்.

அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் ஓர் இளைஞர் இதே போன்ற பச்சைத் திரையைக் காட்டி 210 ரிங்கிட் பொருளோடு போய்விட்டார். இரவு கணக்குப் பார்த்தபோதுதான் அது போலி ரசீது என்று தெரிந்தது. அன்றிலிருந்து கடையில் ஒரு சட்டம் போட்டேன்: என் கைப்பேசிக்குத் தகவல் வராமல் பொருள் வெளியே போகக்கூடாது.

டீச்சர் பத்து நிமிடம் ஓரமாக நின்றார். பின்னால் இருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். கடைசியில் பையை மேசை மேல் வைத்துவிட்டு, “பரவாயில்லம்மா, அப்புறம் வாங்கிக்கிறேன்” என்று சொல்லி நடந்துவிட்டார்.

பதினொன்றே முக்காலுக்கு நான் கைப்பேசியில் வைஃபையை அணைத்தேன். அடுத்த நொடியே தகவல்கள் மளமளவென்று வந்து விழுந்தன. டீச்சரின் 86 ரிங்கிட் 40 சென் அவர் அனுப்பிய நிமிடத்திலேயே வந்து சேர்ந்திருந்தது. என் கைப்பேசிதான் செத்துப்போன கடை வைஃபையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. தவறு வங்கியுடையதும் அல்ல, டீச்சருடையதும் அல்ல. என்னுடையது.

அப்பா என்னைத் திட்டவில்லை. கல்லாவுக்குக் கீழே இருந்து ஒரு 555 புத்தகத்தை எடுத்தார். நம் தாத்தா பாட்டி காலத்தில் கடனுக்குச் சாமான் வாங்கியபோது எழுதி வைப்பார்களே, அதே சின்னப் புத்தகம். தெரிந்த முகங்களுக்குப் பெயரும் தொகையும் எழுதிக்கொண்டார். மற்றவர்களிடம் ரொக்கம் வாங்கினார். பில்லைக் கையால் கூட்டினார். அரை மணி நேரத்தில் வரிசை கரைந்தது.

அன்று மாலை டீச்சர் வீட்டுக்குப் பையோடு போனேன். அது பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அலுவலக வேலையை விட்டுவிட்டு அப்பாவின் கடைக்கு வந்தவள் நான். கணினி தெரிந்தவள் என்ற நினைப்பு எனக்கு உண்டு. அந்தச் சனிக்கிழமை அந்த நினைப்பை உடைத்தது. அதன் பிறகு கற்றுக்கொண்டதை, என்னைப் போல் சிறு கடையோ, வீட்டிலிருந்தே பலகார வியாபாரமோ, சிகை அலங்கார நிலையமோ நடத்துபவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில், எது கெட்டது என்று கண்டுபிடியுங்கள்

“லைன் இல்லை” என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால், கோளாறு நான்கு இடங்களில் இருக்கலாம்: வெளியிலிருந்து வரும் கம்பி, கடைக்குள் இருக்கும் வைஃபை, நம் கையில் இருக்கும் கருவி, அல்லது வங்கியின் முறை.

கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, சிம் அட்டையின் தரவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால், கோளாறு கடை இணைப்பில். வங்கிச் செயலி மட்டும் திறக்கவில்லை என்றால், கோளாறு வங்கிப் பக்கம். அப்போது மோடத்தோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

ஒளியிழை இணைப்பு வைத்திருப்பவர்கள் சுவரில் உள்ள பெட்டியைப் பாருங்கள். அதில் ‘எல்ஓஎஸ்’ என்ற விளக்கு சிவப்பாக மின்னினால், வெளியிலிருந்து ஒளியே வரவில்லை என்று பொருள். எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் வராது. உடனே நிறுவனத்தை அழைக்க வேண்டியதுதான். சிவப்பு இல்லை என்றால் மட்டும், இரண்டு பெட்டிகளின் மின்சாரத்தையும் பிடுங்கி அரை நிமிடம் காத்திருங்கள். முதலில் சுவர்ப் பெட்டியைப் போடுங்கள். அதன் விளக்குகள் நிலையான பிறகு வைஃபை பெட்டியைப் போடுங்கள்.

நிறுவனத்தை அழைத்தால் புகார் எண், பேசிய நேரம், சொன்ன பதில் மூன்றையும் எழுதி வையுங்கள். மறுமுறை அழைக்கும்போது கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது. பல நாள் இழுத்தடித்தால், தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் புகார் செய்யவும் அந்தக் குறிப்புதான் துணை.

இரண்டாவது வழி ஒன்று வேண்டும்

வீட்டுக்குப் பின்வாசல் இருப்பது போல, கடைக்கும் மாற்று இணையம் வேண்டும். கடை இணைப்பு எந்த நிறுவனத்துடையதோ, அதைத் தவிர வேறு நிறுவனத்தின் முன்கட்டண சிம் ஒன்றை ஒரு பழைய கைப்பேசியில் போட்டு வைத்திருக்கிறோம். ஒரே நிறுவனமாக இருந்தால் இரண்டும் ஒன்றாகப் படுத்துவிடலாம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்தக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டுக்குக் கடை வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே வைத்துவிடுங்கள். கடை வைஃபையை அணைத்து ஹாட்ஸ்பாட்டைத் திறந்தால், பெரும்பாலான கருவிகள் தாமாகவே அதனுடன் இணைந்துகொள்ளும். வரிசை நிற்கும்போது ஒவ்வொரு கருவியிலும் கடவுச்சொல்லைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அட்டை இயந்திரங்கள் பலவற்றில் சிம் போடும் வசதியும் இருக்கும். உங்களுடையதில் இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள்.

பச்சைத் திரையை நம்பாதீர்கள், மனிதரைச் சந்தேகிக்காதீர்கள்

டுயிட்நவ் கியூஆர் வந்த பிறகு சில்லறைத் தொல்லை குறைந்தது உண்மைதான். ஆனால், வாடிக்கையாளரின் திரையில் தெரிவது ஆதாரம் அல்ல. படத்தைத் திருத்துவது இன்று சிறு பிள்ளைக்கும் தெரியும். நம் கணக்கில் பணம் ஏறியதா என்பது மட்டுமே கணக்கு.

அதனால் இப்போது நாங்கள் இப்படிச் செய்கிறோம். வியாபாரத்துக்கென்று தனிக் கணக்கு. அதன் தகவல் கல்லாவில் இருக்கும் தனிக் கைப்பேசிக்கு வரும். என் சொந்த வங்கிச் செயலியை ஊழியர் கையில் கொடுப்பதில்லை. பணம் வரத் தாமதமானால், வாடிக்கையாளரின் திரையில் இருக்கும் பரிவர்த்தனை எண், தொகை, நேரம், அவர் தொலைபேசி எண் ஆகிய நான்கையும் 555 புத்தகத்தில் எழுதிக்கொள்கிறோம். தெரிந்தவர் என்றால் பொருளோடு அனுப்பிவிடுகிறோம். தெரியாதவர், பெரிய தொகை என்றால், “எங்க லைன் மெதுவா இருக்கு, மன்னிச்சுக்குங்க” என்று நாற்காலி போட்டு உட்கார வைக்கிறோம். ‘காசு வரல’ என்பதற்கும் ‘எங்க லைன் மெதுவா இருக்கு’ என்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. முன்னது அவரைக் குற்றவாளி ஆக்குகிறது.

இன்னொன்று: கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் தாளின் மேல் வேறொருவர் தன் தாளை ஒட்டிவிட்டுப் போகும் மோசடியும் நடக்கிறது. காலையில் கடை திறந்ததும் உங்கள் குறியீட்டை நீங்களே ஒரு முறை வருடி, திரையில் உங்கள் கடைப் பெயர் வருகிறதா என்று பாருங்கள். பத்து வினாடி வேலை.

புலனம் போனால் வாடிக்கையாளர் போனார்கள்

நம்மில் பலருக்குப் புலனம்தான் கடை. ஆர்டர், விலாசம், பாக்கி எல்லாம் அதில்தான். அதைத் திருட ஒருவருக்கு வேண்டியது நம் கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க எண் மட்டுமே. ‘தவறுதலாக உங்களுக்கு ஓர் எண் அனுப்பிவிட்டேன், சொல்லுங்கள்’ என்று தெரிந்தவர் பெயரிலேயே செய்தி வரும். கொடுத்துவிடாதீர்கள். செயலியின் அமைப்புகளில் ‘இரு படிச் சரிபார்ப்பு’ என்று ஒன்று இருக்கும். அதில் நீங்களாக ஓர் ஆறு இலக்க இரகசிய எண் வைத்துவிடுங்கள்.

ஏமாந்து பணத்தை அனுப்பிவிட்டீர்கள் என்றால், வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். உடனே வங்கியையோ, தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள். பணம் கைமாறிக்கொண்டே போகும். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். முன்பின் தெரியாத விநியோகஸ்தருக்கு முன்பணம் அனுப்பும் முன், அவர் கணக்கு எண் புகாருக்கு உள்ளானதா என்று போலீசாரின் ‘செமாக் மியூல்’ பக்கத்தில் பார்த்துவிடலாம்.

கடையின் முகநூல் பக்கம், மின்னஞ்சல், பில் மென்பொருள் இவையெல்லாம் யார் பெயரில் இருக்கின்றன என்றும் பாருங்கள். எங்கள் முகநூல் பக்கத்தைத் திறந்து கொடுத்தது, இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் மாமா மகன். கடவுச்சொல் அவனுக்கே மறந்துவிட்டது. அதை மீட்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

சின்னத் தொல்லைகள், சின்ன மருந்துகள்

பில் இயந்திரம் வெறும் தாளைத் துப்புகிறதா? தாளை நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழும் பக்கம்தான் அச்சாகும் பக்கம். சுருளைத் திருப்பிப் போட்டாலே சரியாகிவிடும். இது தெரியாமல் பழுதுபார்ப்பவரை அழைத்து 80 ரிங்கிட் கொடுத்தவள் நான்.

அந்தத் தாளில் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். வருமான வரிக் கணக்குகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே, செலவு ரசீதுகளை அன்றன்றே படம் எடுத்து மாதவாரியாகச் சேமியுங்கள்.

புது அச்சு இயந்திரம் வைஃபையில் சேர மறுக்கிறதா? வைஃபையில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசைகள் உண்டு. பல அச்சு இயந்திரங்களுக்கு 2.4 மட்டுமே தெரியும்.

கணக்குக் கோப்புகளுக்கு மூன்று பிரதி வேண்டும். அவை இரண்டு வகை இடங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது கடைக்கு வெளியே இருக்க வேண்டும். கிள்ளானில் வெள்ளம் பார்த்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

மின்விலைப்பட்டியல் பயம்

உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் திட்டம் 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டும் நிறுவனங்களில் தொடங்கியது. பிறகு படிப்படியாகக் கீழே இறங்கி வந்தது. சிறு வியாபாரிகளுக்கான வரம்பு இடையில் மாற்றப்பட்டதால் பலருக்கும் குழப்பம். நண்பர் அனுப்பிய புலனச் செய்தியை நம்பாமல், வாரியத்தின் இணையப் பக்கத்திலோ உங்கள் கணக்காளரிடமோ உங்கள் நிலையைக் கேளுங்கள். விலை உயர்ந்த மென்பொருளை விற்க வருபவரிடம் கையெழுத்துப் போடும் முன், வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் இலவசம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாதம் ஒரு நாள், அரை மணி நேரம்

2024 ஜூலை 19-ஆம் தேதி ஒரு பாதுகாப்பு மென்பொருளின் தவறான புதுப்பிப்பால் உலகம் முழுதும் கணினிகள் முடங்கின. கோலாலம்பூர் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் பயணிகளைக் கையால் எழுதிப் பதிவு செய்தார்கள். அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்த நிலை என்றால், நாம் எம்மாத்திரம்?

ஆகவே, கூட்டம் குறைந்த ஒரு செவ்வாய்க்கிழமை, மாதம் ஒரு முறை, அரை மணி நேரம் எல்லா இயந்திரங்களையும் அணைத்துவிட்டுக் கடை நடத்துகிறோம். கார்பன் பில் புத்தகம், கால்குலேட்டர், முக்கியப் பொருள்களின் விலைப்பட்டியல், சில்லறை 200 ரிங்கிட். இவை நான்கும் ஒரு பிஸ்கட் தகரத்தில் எப்போதும் தயாராக இருக்கும். எங்களிடம் வேலை செய்யும் தம்பிக்கு இப்போது கையால் பில் போடத் தெரியும். கற்றுக்கொடுத்தவர் அப்பா.

டீச்சர் வீட்டுக்கு வருகிறேன். கதவைத் திறந்தவரிடம் பையை நீட்டி மன்னிப்புக் கேட்டேன். உள்ளே அழைத்து உட்கார வைத்தார்.

“நீ சரி பார்த்தது தப்பில்லம்மா. ஆனா அத்தனை பேர் முன்னாடி ஓரமா நிக்கச் சொன்னியே, அதுதான்...” என்றவர், முடிக்காமல் காப்பி போட எழுந்து போனார்.

அடுத்த வாரமே கடைக்கு வந்தார். மறுபடி கியூஆரில்தான் செலுத்தினார். ஒலிப்பெட்டி தொகையைச் சொல்லி முடிக்கும் வரை அவரும் காத்திருந்தார், நானும் காத்திருந்தேன். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போதெல்லாம் கடை திறந்ததும் கியூஆரைச் சோதிப்பது அப்பாவின் வேலை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைப்பேசியைத் தூரமாகப் பிடித்து, திரையில் வரும் கடைப் பெயரைச் சத்தமாக வாசிப்பார். அதன் பிறகுதான் சாமி படத்துக்கு விளக்கேற்றுவார்.