முள் குத்தும் தைலமும்

ஏரியை நம்பிப் பிழைக்கும் நம் பழவேற்காட்டுக் குடும்பங்களுக்கு முள் குத்து புதிதல்ல. கெளுத்தி முள், திருக்கை வால் முள், இறால் கொம்பு, நண்டு கடித்த விரல் என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். வீட்டில் உடனே கைக்கு வருவது நீலகிரித் தைலம், கிராம்பு எண்ணெய், கருஞ்சீரக எண்ணெய். (நீலகிரித் தைல மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்தது, நாம்தான் அதை நாட்டு மருந்தாக்கிக்கொண்டோம்.)

இவற்றில் பலன் இல்லாமலில்லை. கிராம்பிலுள்ள யூஜெனால் வலியை மரக்கச் செய்யும். நீலகிரித் தைலத்தின் சினியோலும் கருஞ்சீரகத்தின் தைமோகுவினோனும் வீக்கத்தைத் தூண்டும் பொருள்களைக் குறைப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. கண்ணாடித் தட்டில் வளர்த்த கிருமிகள் சிலவற்றையும் இவை கொல்கின்றன. ஆனால் முள் ஆழத்தில் கொண்டுபோய் விட்ட கிருமியை, மேலே தடவிய எண்ணெய் எட்டுவதில்லை. வலி குறைந்துவிட்டதே என்று இரண்டு நாள் கடத்துகிறோம்; உள்ளே கிருமி பெருகுகிறது.

வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி இப்படிப்பட்ட காயத்தின் வழியே நுழையும். சர்க்கரை நோய், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாகலாம். அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும். சில சமயம் அறுவை சிகிச்சையும் வேண்டும். கருஞ்சீரகத்தைச் சிறப்பித்த நபிமொழியை நாம் அறிவோம். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவரும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம்.

முள் குத்தினால் ஏரி நீரில் கழுவாமல் நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். கெளுத்தி, திருக்கை விஷம் சூட்டில் சிதையும். ஆகவே பொறுக்கும் சூட்டிலுள்ள வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வைத்திருங்கள். குத்துப்பட்ட இடம் மரத்திருக்கும் என்பதால் சூட்டை மற்றக் கையால் பாருங்கள். தைலத்தைத் தேங்காயெண்ணெயில் கலந்து, காயத்தின் வாயில் படாமல் சுற்றிலும் மட்டும் தடவலாம். குழந்தைகளுக்கு நீலகிரித் தைலத்தை உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது; வலிப்பு வரும்.

டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடமாயிற்று என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிக் கேளுங்கள். சிவப்பு மேலேறினாலோ, கொப்புளம் கறுத்தாலோ, காய்ச்சலும் நடுக்கமும் வந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவே 108-ஐ அழைத்துப் பொன்னேரி அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.