பகல் வெயிலை நம்பலாமா?

சனவரி மாதத்தில் கொடைக்கானலின் பகல் இனிமையானது. வானம் தெளிந்திருக்கும்; வெயில் இதமாகக் காயும். பாத்தி கட்டி பீன்ஸ் விதையை ஊன்றிவிடலாம் என்று எவருக்கும் தோன்றும். ஆனால், அவசரப்பட்டு ஊன்றிய விதை முளைத்து வந்தாலும், ஒரே இரவில் தளிர் முழுவதும் கருகிப் போகக்கூடும். காரணம் உறைபனி. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் மேலே உள்ள இவ்வூரில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அதற்கு வாய்ப்புண்டு.

பனி 'விழுகிறது' என்கிறோம். உண்மையில் அது மேலிருந்து விழுவதில்லை. குளிர்ந்த புல்லின்மேலும் இலையின்மேலும் காற்றிலுள்ள நீராவி படிவதால் உண்டாகிறது. வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் 1814-இல் வெளியிட்ட நூலில் பனித்துளி தோன்றும் விதத்தை விளக்கினார்.

புல் ஏன் குளிர்கிறது? எல்லாப் பொருள்களும் வெப்பத்தைக் கதிர்களாக வெளிவிட்டுக்கொண்டே இருக்கின்றன. பகலில் சூரியனிடமிருந்து வரவு மிகுதி. இரவில் அந்த வரவு நின்றுவிடுகிறது. செலவு மட்டும் தொடர்கிறது. மேகம் இருந்தால் அது போர்வைபோல் வெப்பத்தில் ஒரு பகுதியைத் தரைக்கே திருப்பி அனுப்பும். மேகமற்ற இரவில் அந்தப் போர்வை இல்லை. பகலில் வெயிலைத் தந்த அதே தெளிந்த வானந்தான் இரவில் தரையைக் குளிர வைக்கிறது!

குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. காற்று வீசாத இரவில் அது சரிவு வழியே நீர்போல் வழிந்து பள்ளத்தில் தேங்கும். எனவேதான் ஏரியை அடுத்த தாழ்வான புல்வெளிகள் வெண்துணி விரித்தாற்போல் காட்சி தரும் காலையில், மேலே சரிவில் உள்ள தோட்டம் தப்பிவிடுவதுண்டு. மரத்தடியிலும் உறைபனி அரிது. கிளைகளே அங்கு போர்வையாகின்றன.

இலையில் நீர் உறையும்போது செல்களுக்கு இடையே பனிப்படிகங்கள் தோன்றி, செல்லினுள் இருக்கும் நீரை வெளியே இழுக்கின்றன. செல் சவ்வுகள் சிதைகின்றன. வெயில் ஏறியதும் இலை துவண்டு கருக்கிறது. பட்டாணி முளை கருகினால் மண்ணுக்குள் உள்ள மொட்டிலிருந்து மறுபடி துளிர்க்கலாம். பீன்ஸ் முளைக்கும்போது விதையிலையும் மொட்டும் மண்ணுக்கு மேலே வந்துவிடுவதால் அதற்கு மறுவாழ்வு இல்லை. உருளைக்கிழங்கு மீண்டும் துளிர்க்கும். ஆனால் விதைக்கிழங்கின் சேமிப்பு வீணாகி விளைச்சல் குறையும். சிறு விவசாயிக்கு இது பெரும் இழப்பு.

முந்தி ஊன்றுவதால் காலமாவது மிச்சமா? அதுவும் ஐயமே. மண்ணின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் பீன்ஸ் முளைப்பதே அரிது. விதை அழுகவும் கூடும்.

மாணவர்களே, தெளிந்த இரவொன்றில் ஒரு வெப்பமானியைத் திறந்த புல்வெளியின்மேல் வையுங்கள். மற்றொன்றை அதற்கு ஒரு மீட்டருக்குமேல் உயரத்தில் தொங்கவிடுங்கள். விடியுமுன் இரண்டையும் பாருங்கள். மேலே உள்ளது 3 டிகிரி காட்டும்போதே கீழே உள்ளது சுழிக்கும் கீழே போயிருக்கலாம். இளம் முளை வாழ்வது கீழே உள்ளதன் மட்டத்தில்தான். சமவெளியில் வாழ்பவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். அங்கே உறைபனி இராது, ஆனால் வேறுபாடு தெரியும். விதைக்கும் நாளைக் குறிக்கவேண்டியது நண்பகல் வெயில் அன்று, விடியற்காலைத் தரையே.